மலிவு எங்கிருந்து வருகிறது?

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை, வாங்குகிற சம்பளத்துக்குள் சாப்பிடவும் சுற்றவும் முடிகிற ஒரு புறநகர். அந்த மலிவைத் தாங்கி நிற்பவை எவை? அவற்றைக் காப்பது யார் பொறுப்பு?

வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், வண்டித் தவணை மூன்றும் போன பிறகு கையில் மிஞ்சும் பணத்தில் ஒரு புறநகர்க் குடும்பம் விடுமுறை மாலையை எப்படிக் கழிக்கும்? பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நீளும் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குத் தாராளமாகவே பதில் கிடைக்கிறது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் இட்லி வடகறி சாப்பிடலாம். திருநீர்மலைப் படியேறி இறங்கியதும் ஒரு பஜ்ஜி, ஒரு டீ. வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தையே ஒரு பொழுது. நான்கு பேர் பேருந்தில் போய்ச் சாப்பிட்டுத் திரும்பினாலும் ஐந்நூறு ரூபாய் நோட்டை மாற்றினால் போதும், மீதியும் வரும். அதே நான்கு பேர் மல்டிபிளெக்ஸுக்குப் போனால் டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆட்டோவுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கடைப் பெயர்களைத்தான் பேசுகிறோம். எந்தக் கடையில் சால்னா கெட்டியாக இருக்கும், எந்த மெஸ்ஸில் ரசம் நன்றாக இருக்கும், எந்த வண்டிக்காரர் இன்னொரு கரண்டி சட்னிக்கு முகம் சுளிக்கமாட்டார் என்பது பயனுள்ள தகவல்தான். ஆனால் கடை ஏன் மலிவாக இருக்கிறது, அது தொடர்ந்து மலிவாக இருக்குமா என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் விடை கிடையாது. கடைக்காரரின் நல்ல மனசுக்கும் வாடிக்கையாளரின் சாமர்த்தியத்துக்கும் இந்த மலிவில் சிறு பங்குதான் உண்டு. பெரும் பங்கு சாலையோர இடத்துக்கும், குறைந்த கட்டண ரயில், பேருந்துக்கும், டிக்கெட் இல்லாத ஏரிக்கரைக்கும் கோயில் வாசலுக்கும் உரியது. எல்லாமே பொதுச் சொத்து. அவை சுருங்கினால் எந்த நல்ல மனசாலும் விலையைப் பிடித்து வைக்க முடியாது. ஆகவே புறநகரின் மலிவான சாப்பாட்டையும் பொழுதுபோக்கையும் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் வரிசையில் வைத்து, உள்ளாட்சி நிர்வாகம் திட்டமிட்டுக் காக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வண்டியைச் சுற்றி நிற்பவர்கள்

வெளியில் சாப்பிடுவது ஆடம்பரம் என்ற எண்ணம் நம் நடுத்தர வர்க்கத்தில் இன்னும் போகவில்லை. தாம்பரம் வட்டாரத்தில் தள்ளுவண்டிகளைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறும். சானடோரியத்தில் 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்ட் முடித்து வருபவர்கள் ஒரு கூட்டம். அவர்களில் பெண்கள் கணிசம். அதை அடுத்து தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் நெஞ்சக நோய் மருத்துவமனையும் இருக்கின்றன. அங்கே நோயாளிக்குத் துணையாக வந்து நாள் முழுக்கக் காத்திருப்பவர்கள் இன்னொரு கூட்டம். 1937இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்றவற்றின் மாணவர்கள், தனி அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள், தென் மாவட்ட ரயிலுக்கு மூட்டையோடு காத்திருப்பவர்கள், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பரோட்டாவை அவசரமாக விழுங்கும் உணவு டெலிவரி ஊழியர்கள். இவர்களில் பலருக்கு அந்த நேரத்தில் அடுப்பு இல்லை, அல்லது அடுப்பு மூட்ட நேரம் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இரண்டு பேருக்காக மாவு அரைக்க முடியாமல் போன வயதான தம்பதிகளையும் இதே வரிசையில் சேர்க்கலாம்.

புள்ளிவிவரமும் இதையே சொல்கிறது. மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புற இந்தியக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவுக்குப் போவது 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்த உணவுச் செலவுக்குள் மிகப் பெரிய ஒற்றை இனம் அரிசியோ காய்கறியோ பாலோ இல்லை. பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற தலைப்புதான் முதலிடத்தில் இருக்கிறது. மொத்தச் செலவில் அதன் பங்கு சுமார் 11 விழுக்காடு. பிஸ்கட் பொட்டலமும் இதில் அடக்கம், ஓட்டல் சாப்பாடும் அடக்கம் என்பதால் முழுவதையும் கடை இட்லிக் கணக்கில் எழுதிவிட முடியாது. என்றாலும், வீட்டுக்கு வெளியே தயாராகும் உணவு சராசரி நகரக் குடும்பத்தின் அன்றாடச் செலவாகிவிட்டது என்பதை இந்த எண் ஐயமின்றிக் காட்டுகிறது. தள்ளுவண்டியில் ஒரு தட்டுக்குப் பத்து ரூபாய் ஏறினால், தினமும் அங்கே சாப்பிடும் ஒருவருக்கு மாதம் முந்நூறு ரூபாய் சம்பளம் குறைந்ததற்குச் சமம். அரிசி விலை ஏறினால் சட்டமன்றத்தில் கேள்வி எழுகிறது. டிபன் விலை ஏறினால் அது ஏனோ தனிமனிதப் பிரச்சினையாகவே நின்றுவிடுகிறது.

ஒரு தள்ளுவண்டியின் கணக்கு

கையேந்தி பவனில் ஐம்பது ரூபாய்க்குள் வயிறு நிறைவதன் பின்னால் மாயம் எதுவும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. ஓட்டல் முதலாளியின் பெரிய செலவுகளில் ஒன்று இடம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியோ மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை போன்ற கடைத்தெருவிலோ கடை பிடிக்க மாத வாடகையோடு பல மாத அட்வான்ஸும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அந்த முதலுக்கான வட்டி, மின்விசிறி, குளிர்சாதனம், மேசை நாற்காலி, சர்வர், கேஷியர் எல்லாமே தோசையின் விலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வண்டிக்காரருக்கு இவற்றில் ஏதும் இல்லை. நான்கைந்து பண்டங்கள் மட்டும் என்பதால் மிச்சமும் வீணும் குறைவு. அன்றன்று வாங்கி அன்றன்று விற்றுவிடுவதால் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. உட்கார இடம் இல்லாததால் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. வியாபாரம் வேகமாகச் சுழல்கிறது. ஒரு தட்டில் கிடைக்கும் லாபம் சொற்பமானாலும் தட்டுகளின் எண்ணிக்கை அதை ஈடுகட்டிவிடுகிறது.

வரிக் கணக்கும் இதில் சேர்கிறது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத உணவுக்கடை சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. நாள் கணக்கில் பார்த்தால் அது ஏறத்தாழ 5,500 ரூபாய் வியாபாரம்; தலைக்கு ஐம்பது ரூபாய்க்குச் சாப்பிடும் நூற்றுப் பத்துப் பேர். பெரும்பாலான வண்டிகளும் சிறிய மெஸ்களும் இந்த எல்லையைச் சுற்றியே நிற்கின்றன. எல்லையைத் தாண்டி வளரும் சாதாரண உணவகம் 5 விழுக்காடு வரி கட்டுகிறது. தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. செயலி வழி ஆர்டர் செய்தால் உணவுக்கு வரி, செயலிக் கட்டணம், டெலிவரிக் கட்டணம் என்று பில் நீளும். கடைக்காரர் செயலிக்குக் கொடுக்கும் கமிஷனை ஈடுகட்ட, நேரில் விற்பதைவிடக் கூடுதல் விலையைச் செயலியில் போடுவதும் பரவலான வழக்கம். திரையில் பாதி விலை என்று மின்னும் ஆஃபர், கடைசிப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் பார்க்கும்போது பெரும்பாலும் கரைந்துபோயிருக்கும்.

இந்தக் கணக்கின் அடித்தளம் சாலையோரம் கிடைக்கும் ஆறுக்கு நான்கு அடி இடம். அந்த இடம் வண்டிக்காரருக்கு உண்மையில் இலவசமாகக் கிடைக்கிறதா என்றால், இல்லை. உரிமம் இல்லாதவருக்கு மாமூல் ஒரு வாடகை. ரசீது இல்லாத வாடகை. எந்த நாளும் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்ற பயம் இன்னொரு செலவு. அந்தப் பயம் இருக்கும்வரை நல்ல பாத்திரம், மூடி போட்ட தண்ணீர்த் தொட்டி, கண்ணாடி மறைப்பு ஆகியவற்றுக்கு யாரும் முதல் போடமாட்டார்கள். சமையல் வாயுவும் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் இல்லை. 19 கிலோ வணிக சிலிண்டர், மானியம் கிடையாது, விலை மாதாமாதம் மாறும். எண்ணெய், உளுந்து, வெங்காயம், வாயு எல்லாம் மேலே ஏறும்போது, விலையைக் கீழே பிடித்து வைக்க வண்டிக்காரரிடம் இருக்கும் ஒரே பலம் அந்த இடம்தான். இடத்துக்கு உறுதி கொடுத்தால் விலைக்கும் ஓரளவு உறுதி கிடைக்கும்.

ஐந்து ரூபாய்ப் பயணம்

சாப்பாட்டுக்குச் சொன்னது ஊர் சுற்றலுக்கும் பொருந்தும். சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. இந்தப் புறநகரையே உருவாக்கியது அந்தப் பாதை என்றால் மிகையில்லை. இன்றும் புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போக 10 ரூபாய். நான்கு பேர் போய்த் திரும்ப 80 ரூபாயில் தாம்பரத்துக் குடும்பம் மாநகரத்தின் மறுமுனையைத் தொட்டுவிடும். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஓடத் தொடங்கிய குளிர்சாதன மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். வசதி வேண்டுபவருக்கு வசதி இருப்பது நல்லதே. ஆனால் ஒரு ரயிலுக்கும் மற்றொரு ரயிலுக்கும் இடையே உள்ள அந்த ஏழு மடங்கு, சாதாரண ரயில் எவ்வளவு பெரிய சலுகை என்பதை எடுத்துக் காட்டுகிறது.

பேருந்துக்கும் இதே கதைதான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டறிந்தது. இந்தத் திட்டத்தை வேலைக்குப் போவதோடு மட்டுமே சேர்த்துப் பேசுவது வழக்கம். அம்மாவும் மகளும் மாமியாரும் குன்றத்தூர் முருகன் கோயிலுக்கோ திருநீர்மலைக்கோ போய்வர முடிவதும் அதன் பயன்தான்; வீட்டுச் செலவில் முதலில் வெட்டுப்படும் இனம் பெண்களின் வெளிப்பயணம் என்பது தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பும் தெரியும். ஆனால் போக்குவரத்தைத் திட்டமிடுபவர்கள் ஊர் சுற்றலை இன்னும் பயணமாகவே மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் ரயில்கள் குறைக்கப்பட்ட அட்டவணைப்படி ஓடுகின்றன. பராமரிப்புப் பணிக்காகப் பல மணி நேரம் சேவை ரத்தாவதும் பெரும்பாலும் அந்த நாளில்தான். பராமரிப்பு அவசியம், அதற்கு நெரிசல் குறைந்த நாள் வேண்டும் என்ற ரயில்வேயின் நியாயம் புரிகிறது. ஆயினும் வாரம் ஆறு நாள் உழைப்பவருக்கு மலிவான பயணம் தேவைப்படும் ஒரே ஓய்வுநாளில் அது குறைகிறது என்றால், இணைப்புப் பேருந்துகளையாவது அன்று கூட்டியிருக்க வேண்டும்.

டிக்கெட் இல்லாத இடங்கள்

இந்த வட்டாரத்தில் காசில்லாமல் பார்க்கத்தக்கவை ஏராளம். மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட விமானம், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. திருநீர்மலை 108 திவ்யதேசங்களுள் ஒன்று. குன்றத்தூர் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊர். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. அதே பல்லாவரத்தில்தான் 1863 மே மாதம் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியதாகக் கொள்வது மரபு. சற்றே வடக்கே பரங்கிமலை, உச்சியில் போர்த்துகீசியர் 1523இல் கட்டிய தேவாலயம். வேறு நகரமாக இருந்தால் இவற்றைக் கோத்து ஒரு சுற்றுலாத் தடமே உருவாக்கி, கட்டணமும் வாங்கியிருப்பார்கள். இங்கே சாதாரணப் பேருந்தில் போய் இறங்கலாம், வாசலில் டிக்கெட் கிழிப்பவர் இல்லை.

ஏரிகளின் கதை இந்த வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் கழிவுநீரும் குப்பையும் ஆக்கிரமிப்பும் சேர்ந்து சீரழிந்திருந்த ஏரிகள், குடியிருப்போரும் தன்னார்வ அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்து உழைத்த பிறகே மீட்புப் பணிகளைக் கண்டன. நிலத்தடி நீருக்காகத் தொடங்கிய போராட்டம் நடைபயிற்சிக்கான கரையையும் சேர்த்தே பெற்றுத் தந்தது. இதற்கு நேர்மாறான உதாரணம் பல்லாவரம் பெரிய ஏரி. துரைப்பாக்கம் செல்லும் ரேடியல் சாலை அதை இரண்டாகப் பிளந்து போகிறது, ஒரு பகுதி நெடுங்காலம் குப்பைமேடாகக் கிடந்தது. ஓர் ஊருக்கு ஏரிக்கரை போய்விட்டால் அங்குள்ளவர்கள் நடக்கவும் உட்காரவும் காசு கொடுத்து நுழையும் இடங்களைத் தேட வேண்டும். அந்தக் காசு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா சான்று. 1855இல் சென்னையில் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலையின் வாரிசாக 1985இல் வண்டலூரில் திறந்த, 602 ஹெக்டேர் பரப்புள்ள அருமையான பொது நிறுவனம் அது. 2023இல் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயானது. விலங்குகளைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பொது நிறுவனத்தின் கட்டணமே இவ்வளவு தாவும்போது, கட்டணமில்லாத ஏரிக்கரையின் மதிப்பை வேறு அளவுகோலில்தான் கணக்கிட வேண்டும்.

பல்லாவரம் வெள்ளிச்சந்தை இந்த இரண்டையும், அதாவது சாப்பாட்டையும் சுற்றலையும், ஒரே இடத்தில் சேர்க்கிறது. செடிக்கன்று, பழைய நாற்காலி, பழுதான மிக்சிக்கு உதிரிபாகம், துணி, பாத்திரம், மீன்தொட்டி என்று கிடைக்காத பொருளைத் தேடுவதுதான் கடினம். பாதிப் பேர் ஒன்றும் வாங்காமலே சுற்றிவிட்டு, சுண்டலோ கரும்புச்சாறோ வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். வாங்கினால்தான் வரலாம் என்ற நிபந்தனை இல்லாத இடம் சந்தை. பேரங்காடியிலும் வாங்காமல் சுற்றலாமே என்று கேட்கலாம். சுற்றலாம், ஆனால் அங்கே பசித்தால் மலிவான மாற்று கிடையாது.

மறுப்புகளுக்குப் பதில்

முதல் மறுப்பு சுத்தம். சாலைத் தூசியில் விற்பதைக் காக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய், கழுவாத தட்டு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத தண்ணீர் எல்லாமே உண்மையான ஆபத்துகள். ஆனால் ஆபத்துக்குக் காரணம் தண்ணீர், வெப்பநிலை, எண்ணெய், கை ஆகியவைதான். கடைக்குச் சக்கரம் இருப்பதால் ஆபத்து வருவதில்லை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்த துயரம் கட்டடத்துக்குள் இயங்கிய உணவகத்தில் நேர்ந்தது. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தபோது அது எல்லாக் கடைகளுக்கும் சேர்த்தே விதிக்கப்பட்டது. கண்ணெதிரே ஆவி பறக்க எடுத்துக் கொடுக்கும் இட்லி, நேற்றைய ஃப்ரீசர் குழம்பைவிடப் பாதுகாப்பாக இருக்கவும் கூடும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் வண்டிக்கடைக்கும் பதிவைக் கட்டாயமாக்குகிறது. எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதியும் எல்லோருக்கும் பொது. இவற்றை நடைமுறைப்படுத்த வண்டிக்கு நிலையான இடமும் அருகில் ஒரு குடிநீர்க் குழாயும் வேண்டும். விரட்டப்படும் வண்டியைச் சோதிக்க எந்த அதிகாரியாலும் முடியாது.

இரண்டாவது மறுப்பு நடைபாதை. வண்டிகள் நடப்பவர்களைச் சாலைக்குத் தள்ளுகின்றன என்பது ரயில் நிலைய வாசல்களில் தினமும் காணும் உண்மை. நடப்பவரின் உரிமை வியாபாரியின் உரிமைக்குக் குறைந்ததில்லை. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சோடன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல், தெருவில் வியாபாரம் செய்யும் உரிமையை ஏற்றுக்கொண்டு, அதை முறைப்படுத்தும் அதிகாரத்தையும் உள்ளாட்சிக்குத் தந்தது. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டம் அதற்கு வழிமுறை வகுத்தது: ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, வியாபாரிகள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாத நகர விற்பனைக் குழு, விற்பனை மண்டலங்கள், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தத் தடை. மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரையிலான வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஒரு லட்சம் பேருக்கு 2,500 பேர். எங்கே விற்கலாம் என்று கோடு போட்டுக் கொடுக்காமல் விற்கக்கூடாத இடத்திலிருந்து மட்டும் விரட்டுவது இந்தச் சட்டத்தில் பாதியை மட்டும் படிப்பதாகும். நடைபாதையை அடைக்கும் இரு சக்கர வாகனங்களையும், கட்டடக் கடைகள் நீட்டிய படிக்கட்டுகளையும் யாரும் லாரியில் ஏற்றுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: இந்த மலிவு யாரோ ஒருவரின் வியர்வையில் வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மாவுப் பாத்திரத்தோடு எழும் மனைவிக்குச் சம்பளம் இல்லை. பரோட்டாக் கல்லருகே நிற்கும் வெளிமாநிலப் பையனுக்கு வார விடுப்பு இல்லை. மலிவைக் கொண்டாடுவது இந்தச் சுரண்டலை மூடி மறைப்பதாகாதா? இதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் மலிவின் ஊற்றுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இடம், தண்ணீர், வெளிச்சம், போக்குவரத்து ஆகியவற்றை எல்லோரும் பகிர்வதால் குறையும் விலை நியாயமான மலிவு. கூலியைக் கசக்கிப் பெறும் விலை அநியாயமான மலிவு. தமிழ்நாட்டில் உணவகத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி அரசாணை உண்டு. மெஸ்ஸானாலும் நைட் கடையானாலும் ஆள் வைத்து நடத்தினால் அது நடைமுறைக்கு வர வேண்டும். அப்போது விலை சற்று ஏறத்தான் செய்யும். மாமூலும் வெளியேற்றப் பயமும் கந்துவட்டியும் கடைக்காரரின் செலவிலிருந்து போனால், அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை அங்கேயே சமன் செய்ய முடியும். 2020இல் தொடங்கிய ஸ்வநிதி கடன் திட்டம் முதல் தவணையாக 10,000 ரூபாய் தந்தது பயனுள்ள தொடக்கம். ஆனால் நிற்க நிலையான இடம் இல்லாதவரிடம் கடன் மட்டும் கொடுப்பது அரைத் தீர்வு.

நான்காவதாக, ஏழைகளுக்குத்தான் அம்மா உணவகம் இருக்கிறதே என்பார்கள். 2013இல் சென்னையில் தொடங்கி, ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் தந்த அந்தத் திட்டத்தின் சாதனை பெரிது. பசி தீர்க்கும் கடைசி வலை அது. ஆனால் கடைசி வலைக்கும் நடுத்தர ஓட்டலுக்கும் இடையே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. மானியச் சாப்பாடு அவர்களுக்குத் தேவையில்லை, இருநூறு ரூபாய் மீல்ஸும் கட்டுப்படியாகாது. இன்று கலக்கியா ஆஃப் பாயிலா, பொடி தோசையா ஊத்தப்பமா என்று தானே தேர்ந்தெடுத்துச் சாப்பிடும் சுதந்திரத்தை அவர்களுக்குச் சிறுகடைகள்தான் தருகின்றன. இறுதியாகப் பேரங்காடி. பெண்களும் முதியவர்களும் அங்கே போவதற்குக் குளிர்சாதனத்தைவிடக் கழிப்பறையும் உட்கார இடமும் பெரிய காரணங்கள். நம் ஏரிக்கரைகளிலும் கடைத்தெருக்களிலும் இவை இரண்டும் இல்லாதது உண்மையான குறை. நின்றுகொண்டே சாப்பிடும் கையேந்தி பவன் இளைஞருக்கு வசதி, மூட்டுவலிக்காரருக்குத் தண்டனை. பேரங்காடியின் இந்த வலுவை ஒப்புக்கொண்டு, அதையே பொது இடத்துக்கும் கேட்பதுதான் சரியான பதில்.

என்ன செய்யலாம்

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. பத்து ஊர்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்ததில் ஒரு வாய்ப்பு இருக்கிறது: பல்லாவரம் சந்தை முதல் பெருங்களத்தூர் வரை ஒரே வரைபடத்தில் திட்டமிடலாம். ரயில் நிலைய வாசல்களுக்கு அருகே, நடைபாதைக்கு வெளியே, குடிநீரும் வடிகாலும் விளக்கும் உள்ள மாலைநேர உணவுத் தெருக்களைக் குறிக்கலாம். அங்கே நியாயமான, ரசீதோடு கூடிய தினவாடகை வாங்கினால் மாமூலாகப் போகும் பணம் மாநகராட்சிக் கருவூலத்துக்கு வரும். பெருங்கட்டுமான மனைகளில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவை பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளிக்காக ஒப்படைக்க வேண்டும் என்ற விதியால் கிடைக்கும் இடங்களைப் பூட்டிய பூங்காவாக வைக்காமல், பெஞ்சும் கழிப்பறையும் போட்டு இரவு ஒன்பது மணிவரை திறந்து வைக்கலாம். ஏரிக்கரைக்கு ஞாயிறுதோறும் சிற்றுந்து விடலாம். இவற்றில் எதற்கும் மேம்பாலம் கட்டும் செலவு ஆகாது.

இதைக் கேட்பதற்கான இடமும் ஏற்கெனவே இருக்கிறது. 2022 முதல் தமிழக நகரங்களில் வார்டுதோறும் பகுதி சபைகள் சட்டப்படி அமைந்துள்ளன. சாலை, குப்பை, கால்வாய் பற்றி அங்கே புகார்கள் எழுகின்றன. அவற்றோடு இரண்டு கேள்விகளையும் சேர்க்க வேண்டும். இந்த வார்டில் வசிக்கும் ஒருவர் ஐம்பது ரூபாய்க்கு நல்ல டிபன் சாப்பிட எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? காசு கொடுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார எவ்வளவு தூரம் போக வேண்டும்? ஆண்டுதோறும் இந்த இரண்டு தூரங்களையும் அளந்து வெளியிடும் மாநகராட்சிக்கு, தன் ஊரின் விலைவாசியில் தன் பங்கு எவ்வளவு என்பதை மறைக்க வழியிருக்காது. தூரம் கூடினால், அந்த ஆண்டு சம்பளம் ஏறியிருந்தாலும் மக்கள் ஏழைகளாகியிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.